ரெஜான் சொல்லக் கூடாத வாக்கியம்

எனக்குக் கோபம் வந்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் நாற்காலியில் இருப்பவர் காது போய்விடும். ரெஜான் பெல்ஷாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், நான் கத்தரிக்கோலைக் கீழே வைப்பதைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ரெஜான் என் பக்கத்துக் கடைக்காரி. என் சலூனுக்கும் அவள் கடைக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைச் சுவர். அவள் அங்கே சிரித்தால் என் நிலைக்கண்ணாடி ஆடும். பதினேழு வயதில் சுரங்கத்துச் சமையல்கட்டில் பட்டாணி சூப் ஊற்றப் போனவள். முதல் சிகரெட்டும் அங்கேதான், குப்பைத் தொட்டிக்குப் பின்னால். அந்தச் சுரங்கத்தில் துளைபோடும் கயெத்தானைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து ஊதித் தள்ளுவார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் படத்தைக் கழற்றினால் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும்.

கியூபெக்கில் தெட்ஃபோர்ட் பக்கத்து ஊர்க்காரர்களான எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரைச் சுற்றி நிற்கும் சாம்பல் நிற மலைகள் கடவுள் படைத்தவை அல்ல, சுரங்கத்தில் தோண்டிக் கொட்டியவை. அந்தக் காலத்தில் கல்நாரைப் பற்றி யார் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தீப்பிடிக்காது, மக்காது, வீட்டுக் கூரையில் போடு, சுவரில் போடு என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் வரும். ஒருவர் வாயையும் ஒருவரும் கட்டவில்லை. கயெத்தான் மூச்சுக்குத் தவித்துச் செத்தபோது, பாதி கல்நார், பாதி சிகரெட் என்றார் டாக்டர். ரெஜான் அவனைப் புதைத்துவிட்டுக் கல்லறை வாசலிலேயே ஒன்றைப் பற்றவைத்தாள். நான் அதைத் தட்டிவிட்டேன். குனிந்து எடுத்துத் துடைத்து மறுபடி பற்றவைத்தாள்.

அப்படிப்பட்டவள் விட்டாள். மாண்ட்ரியலில் இருக்கும் அவள் அக்கா மகன் ஒரு மின் சிகரெட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். முதலில் அதைப் பிள்ளைகள் ஊதும் விசில் என்று கேலி செய்தாள். கோடையில் கைக்கு வந்தது. இலையுதிர்வதற்குள் சிகரெட்டை மறந்திருந்தாள். ஒருநாள் என் கடைக்குள் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னடி ஒடெட், இந்த நாத்தம்! இத்தனை வருஷமா இந்தச் சாயத்தையா எங்க தலைல பூசிட்டிருந்த?"

முப்பத்தெட்டு வருஷம் கழித்து அவளுக்கு மோப்பம் திரும்பியிருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், இதை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று. அதற்காகத்தான் மின் சிகரெட் கடை திறந்தாள். விற்றுப் பணக்காரியாக வேண்டும் என்றிருந்தால் ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பாள்.

அவள் திறந்த கொஞ்ச நாளில் சட்டம் வந்தது. மின் சிகரெட்டும் இனிமேல் புகையிலைதான் என்றது கியூபெக் அரசு. அதில் புகையிலை இல்லையே என்று கேட்டால், சட்டத்தில் இருக்கிறது என்கிறார்கள். சரக்கு வெளியிலிருந்து தெரியக் கூடாது என்று கண்ணாடி முழுக்க வெள்ளைத் தாளை ஒட்டச் சொன்னார்கள். ஒட்டியதும் கடையைப் பார்த்தால் வேறு ஏதோ விற்கும் கடை மாதிரி ஆகிவிட்டது. ஜெர்வேஸ் கிழவி அந்தப் பக்கம் வரும்போது சிலுவை போட்டுக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போவாள். "உள்ள அவ என்னதான்டி விக்கிறா, எனக்கு மட்டும் சொல்லு" என்று என்னைக் கூடக் கேட்டார்கள்.

அதையாவது சிரித்துக் கழிக்கலாம். கடைக்குள் யாருக்கும் ஊதிக் காட்டக் கூடாது என்றார்கள். தொண்டையில் ஓட்டை விழும் அளவுக்குப் புகைத்துவிட்டு வரும் கிழவருக்கு இதை எப்படிப் பிடிப்பது, திரவத்தை எங்கே ஊற்றுவது, எப்படி இழுப்பது என்று எதுவும் தெரியாது. அவரை வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியே என்றால் வாசலில் அல்ல, எந்தக் கதவிலிருந்தும் ஒன்பது மீட்டர் தள்ளி. எங்கள் தெருவில் அப்படி ஓர் இடம்தான் இருக்கிறது, அரசு மதுக்கடையின் பெரிய கண்ணாடிக்கு எதிரே, விளக்குக் கம்பத்தடியில். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி குளிரில், பனியில் கால் புதைய, ரெஜான் வகுப்பெடுப்பாள். எதிரே அந்தக் கண்ணாடியில் ஆளுயரத்துக்கு ஒரு பெண் சிவப்பு மதுக்கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பாள். அந்த விளம்பரத்துக்குத் தடையில்லை. அந்தப் படத்தை அச்சடித்து மாதாமாதம் என் தபால் பெட்டியில் வேறு போடுகிறார்கள். குடித்துக் கெட்டவன் ஊரில் இல்லையா? என் புருஷன் ஒருத்தன் போதாதா?

பிள்ளைகளுக்காகத்தான் சட்டம் என்பார்கள். பிள்ளைகள் விஷயத்தில் எனக்கும் மறுபேச்சில்லை. என் தம்பி மகள் பள்ளிக்கூடக் கழிப்பறையில் மாம்பழ வாசனையை ஊதிப் பிடிபட்டபோது நானே அவளை இழுத்துப்போட்டுத் திட்டினேன். ரெஜான் கடைக்குள் மீசை முளைக்காதவன் எவனாவது தலையை நீட்டினால் துடைப்பத்தை எடுப்பாள். பிள்ளைக்கு விளம்பரம் செய்யாதே என்று சொல், பலகையில் எழுதிவை, நான் கையெழுத்துப் போடுகிறேன். நாற்பது வருஷமாகப் புகைக்கிற ஆள் நேரே வந்து நின்று கேட்டால்கூட அவனுக்குப் பதில் சொல்லாதே என்பது எந்த ஊர் நியாயம்?

ஆமாம், அதையும் தடுத்திருந்தார்கள். அவள் சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று இருந்தது: இது சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு, இதனால் நான் சிகரெட்டை விட்டேன். அவள் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. அதைச் சொன்னால் குற்றம்.

முதல் தடவை மாட்டியது இப்படி. ஒரு பெண் வந்தாள். நல்ல கோட்டு, நல்ல பூட்ஸ். "மேடம், நீங்க எப்படி விட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். ரெஜானுக்கு அது போதாதா? கயெத்தானின் இருமலில் ஆரம்பித்து என் தலைச்சாயத்தின் நாற்றம் வரை சொல்லி அழுதாள். அந்தப் பெண்ணும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, அதே பையிலிருந்து சுகாதார ஆய்வாளர் அட்டையை எடுத்துக் காட்டினாள். அபராதம் கட்ட ரெஜான் தன் காரை விற்றாள். இரண்டாவது தடவை மாட்டினால் இதைப்போலப் பல மடங்கு, கடை தாங்காது என்று வக்கீல் சொன்னார்.

அதற்குப் பிறகு ரெஜான் ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் வசவெல்லாம் கோயிலிலிருந்து வந்தவை. நற்கருணைப் பேழை, பூசைக் கிண்ணம், அப்பம் என்று பாதிரியார் தொடும் பண்டம் ஒன்று விடாமல் எங்கள் வாயில் வசவாகிவிட்டது. பேழையை இழுத்து ஒரு 'தபர்நாக்' போடாமல் எங்களுக்கு வானிலையைப் பற்றிக்கூடப் பேச வராது. 'நீங்க' என்ற சொல்லும் எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

"பாரு ஒடெட்," என்றாள், "நம்ம ஊர்க்காரன் மேயரையே 'நீ'ன்னுதான் கூப்பிடுவான். எவன் வந்து 'நீங்க, உங்க'ன்னு பேசி, அஞ்சு நிமிஷம் ஒரு தபர்நாக்கூடப் போடாம நிக்கிறானோ, அவன் சர்க்கார் ஆளு. எழுதி வெச்சுக்க."

ஜனவரி கடைசியில் ஒரு சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். "இன்னிக்கு ஒருத்தனைப் பிடிச்சிட்டேண்டி!" என்று என் நாற்காலியில் உட்கார்ந்து நடித்துக் காட்டினாள். அறுபது வயதுக்காரர், குளித்துத் தலைவாரி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாராம்.

"'மன்னிக்கணும்மா. இது சிகரெட்டைவிடக் கெடுதல் கம்மிங்களா?'ன்னான். 'அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க'ன்னேன். 'இதை வெச்சு சிகரெட்டை விட முடியுங்களா?' 'அதையும் சொல்லக் கூடாதுங்க. உங்க டாக்டரைக் கேளுங்க.' 'டாக்டருக்குப் பேச நேரமில்லைம்மா. இதை எப்படிப் பிடிக்கிறதுன்னாவது காட்டுறீங்களா?' 'கடைக்குள்ள காட்டக் கூடாதுங்க.' தொப்பியை மாட்டிக்கிட்டு, 'உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன்'ன்னு போயிட்டான். என்னா நடிப்பு! அந்தக் கைக்குட்டைக்காரியைத் தூக்கிச் சாப்பிட்டுட்டான்!"

நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அடுத்த வாரம் அந்த ஆள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பெயர் அதெலார் வாஷோன். நான்கு ஊருக்கு ஒரு பாதிரியார் என்று ஆன பிறகு, எங்கள் கோயில் ஊழியர், கோயில் பிள்ளை என்போம், செத்ததும் பக்கத்து ஊரிலிருந்து இவரை அனுப்பியிருந்தார்கள். கோயிலைப் பெருக்கி, மணி அடித்து, பூசைப் பாத்திரம் துடைத்து வைப்பது இவர் வேலை. பாதி முடி வெட்டியிருப்பேன், இருமல் வந்து நாற்காலியே குலுங்கியது. நான் கத்தரிக்கோலை விலக்கிக்கொண்டேன்.

"நுரையீரல்ல ஒரு கட்டிங்க," என்றார். "ஈஸ்டருக்குள்ள சிகரெட்டை நிறுத்தினாத்தான் அறுப்பேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நிகோடின் பட்டை ஒட்டினேன், நிகோடின் சூயிங்கம் மென்னேன். ஒண்ணும் நடக்கல. பக்கத்துக் கடைல அந்த மின் சிகரெட் வாங்கலாம்னு போனேன். நல்லவேளை, வாங்கல."

"ஏன்?"

"அது ரொம்பக் கெட்டதா இருக்கணும்ங்க. விக்கிறவங்க தன் சரக்கைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லல. அழுகின மீனைக்கூட இன்னிக்குப் பிடிச்சதுன்னுதானே விப்பான்? சிகரெட்டைவிட மோசமான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. பாவம், மனசாட்சி உள்ள பொம்பளை. பொய் சொல்ல மனசு வரல போல. அப்புறம் மூலைக்கடைக்குப் போய் எப்பவும் வாங்குறதையே வாங்கிட்டேன்."

அவள் பேசாமல் இருந்தது அவர் காதில் ஒரு பொய்யாக விழுந்திருக்கிறது. அந்தப் பொய்யைச் சொல்லவைத்தவர்கள் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் சூடாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"ஐயோ, அது கெடுதல் கம்மிதாங்க! அவளே அதாலதான் விட்டா!" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பொறுமையாகச் சிரித்தார். "நீங்க முடி வெட்டுறவங்க. விக்கிறவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பாதித் தலையோடு அவரை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

"அடியே ரெஜான்! உன் சர்க்கார் ஆளு என் நாற்காலில உட்கார்ந்திருக்காரு. கோயில் பிள்ளைடி அவரு!"

"யாரு? அந்த 'நீங்க'வா?"

"ஆமாண்டி! நமக்கு வசவா இருக்கிறதை எல்லாம் அவரு தினமும் துணி போட்டுத் துடைக்கிறாரு. அதை வெச்சு எப்படித் திட்டுவாரு? நுரையீரல்ல கட்டியாம். ஈஸ்டருக்குள்ள விடலைன்னா ஆப்பரேஷன் கிடையாது. நீ சொல்லலைன்னதும் மூலைக்கடைக்குப் போய் சிகரெட் வாங்கியிருக்காரு."

ரெஜான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து நகரவில்லை. "ரெண்டாவது தடவை மாட்டினா கடை போயிடும்டி," என்றாள். அது எனக்கும் தெரியும். அறுபதை நெருங்கும் வயதில் அவளுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனாலும் அவள் கோட்டைக்கூடப் போடாமல் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

என் சலூனில், அதெலாருக்கு முன்னால், இடுப்பில் கைவைத்து நின்றாள். "இது சிகரெட்டைவிடக் கெடுதல் கம்மிங்க. நல்லதுன்னு சொல்லல, கம்மி. நான் முப்பத்தெட்டு வருஷம் புகைச்சேன். இதாலதான் விட்டேன். நீங்களும் விட முடியும்."

"இதை ஏன்ம்மா அன்னிக்கே சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சட்டம்."

"உண்மையைச் சொல்லக் கூடாதுன்னா சட்டம்?" அவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். அப்போதுதான் நம்பினார்.

பாதி வெட்டிய தலையில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தில் என் துண்டோடு, அவர் அவள் பின்னால் போனார். விளக்குக் கம்பத்தடியில் பனி முழங்கால் வரைக்கும். எதிரே மதுக்கோப்பைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். சட்டத்தை உடைத்துவிட்டு வந்தவள் ஒன்பது மீட்டரை மட்டும் அடி பிசகாமல் அளந்து நின்றாள், பழக்கம்! அவர் இழுத்தார், இருமினார், மறுபடி இழுத்தார். ரெஜான் குளிரில் குதித்துக்கொண்டே, "மெதுவா, மெதுவா, சிகரெட் மாதிரி உறிஞ்சாதீங்க!" என்று கத்தினாள்.

அவர் விட்டுவிட்டார். ஈஸ்டர் மணியை மூச்சு வாங்காமல் அடித்தார். மே மாதம் கட்டியை எடுத்தார்கள். இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இன்று நிம்மதியாக முடி வெட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கள் உள்ளூர் ரேடியோவில் காலையில் ஒரு மணி நேரம், யார் வேண்டுமானாலும் போன் செய்து பேசலாம். பேசுவது என்றால் திட்டுவது. சாலைக் குழி, பனி அள்ளாத நகராட்சி, ஆஸ்பத்திரி வரிசை. ஜூனில் ஒரு நாள் நான் ஜெர்வேஸ் கிழவிக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது, "இன்னிக்கு யாரைத் திட்டப் போறே?" என்று ரேடியோக்காரர் கேட்க, "யாரையும் இல்லைங்க. ஒருத்தங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றது தெரிந்த குரல். எனக்குக் கை நின்றுவிட்டது. அதெலார் நிதானமாக ரெஜானின் பெயரைச் சொன்னார், கடையைச் சொன்னார், தெருவைச் சொன்னார். பிறகு அந்த வாக்கியத்தை, அவள் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல் சொன்னார். "அந்த அம்மாவுக்கு அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுக்கணுங்க," என்று முடித்தார்.

சுவருக்கு அப்பால் ரெஜான் முதலில் சிரித்தாள். என் கண்ணாடி ஆடியது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அரசாங்கம் பதக்கம் கொடுக்கவில்லை, நோட்டீஸ் கொடுத்தது. கெடுதல் குறைவு என்று சொன்னது ஒரு குற்றம். வாடிக்கையாளரின் பாராட்டை விளம்பரமாகப் பயன்படுத்தியது இன்னொரு குற்றம். ரேடியோவில் பேசியது அவள் இல்லையே என்றால், பேசவைத்திருக்கலாமே என்றார்கள். சாலைக் குழியைத் திட்டினால் அது பேச்சுரிமை, பிழைத்ததைச் சொன்னால் அது விளம்பரம்.

அதெலார் ஓடி வந்தார். ரெஜானின் கடையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் என்னம்மா செய்யட்டும்? கோர்ட்ல நீங்க சொல்லவே இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

"கோயில் பிள்ளை பைபிள்ல கை வெச்சுப் பொய் சொல்றதா? போங்க! என்னால எத்தனை பாவம்தான் சுமக்க முடியும்? நடந்ததை நடந்தபடி சொல்லுங்க."

"உங்க கடைம்மா..."

"என் கடை என் பாடு. நான் சொன்னதுக்கு வருத்தப்படல. நீங்க ஏன் வருத்தப்படுறீங்க?"

நவம்பரில் விசாரணை. அரசு வக்கீல் இளைஞர். கெட்ட ஆள் என்று சொல்ல முடியாது, வேலையைச் செய்தார். ஆனால் எனக்கு அவரை அறையத் தோன்றியது. அதெலார் கூண்டில் நின்றார். மெலிந்திருந்தார், ஆனால் நிமிர்ந்து நின்றார்.

"சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவுன்னு இந்த அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொன்னாங்க. சொன்னதாலதாங்க நான் இன்னிக்கு உயிரோட..."

"ஆமாம், இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்."

அதெலார் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தன் காகிதத்தைப் பார்த்தார்.

"ஆமாம்."

"எப்படிப் பயன்படுத்தறதுன்னு காட்டினாங்களா?"

"ஆமாம்."

"அதுக்கப்புறம் அவங்க கடைல பொருள் வாங்கினீங்களா?"

"ஆமாம்."

மூன்று 'ஆமாம்'. வழக்கு முடிந்துவிட்டது. அவர் அந்தக் கூண்டில் இரண்டு காலில் நின்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததுதான் அவளுக்கு எதிரான சாட்சி. ஆள் செத்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். இதை நான் அங்கேயே உரக்கச் சொன்னேன். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இனிமேல் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அபராதத்தைக் குறைக்கலாம் என்றார்களாம். "நாளைக்கு இன்னொருத்தர் தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா நான் என்ன செய்யறது?" என்று ரெஜான் கேட்டிருக்கிறாள். அவள் எழுதிக் கொடுக்கவில்லை. பெரிய கோர்ட்டில் வேறு ஊர்க் கடைக்காரர்கள் இந்தச் சட்டத்தின்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள், பொறுத்துப் பார் என்றார் அவள் வக்கீல். பொறுத்துப் பார்க்கக் கட்டடச் சொந்தக்காரன் விடவேண்டுமே.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடையை மூடினாள். இப்போது முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் சூப் ஊற்றுகிறாள், பதினேழு வயதில் செய்த அதே வேலை. அங்கே யார் கேட்டாலும் தாராளமாகச் சொல்கிறாள், இப்போது அவள் எதையும் விற்பதில்லை. அதெலார் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார். மெழுகுவர்த்தியால் வாடகை கட்ட முடியாது என்று நான் அவரிடமே சொல்லிவிட்டேன்.

போன வாரம் ஒரு பெண் ரெஜானின் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். நாற்பது வயதிருக்கும். இரும இரும அந்த வெள்ளைத் தாள் ஒட்டிய கண்ணாடியில் கைவைத்துக் குனிந்தாள். நான் கையில் சாயத்தோடு வெளியே வருவதற்குள் தெருவைக் கடந்து மூலைக்கடைக்குள் போய்விட்டாள். அந்தக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரன் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் சிகரெட்டை மறைக்கும் தட்டியைத் தள்ளி, ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை, அவன் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்தது.